தெரிந்த கம்பிதான் தட்டுகிறது

கிருஷ்ணகிரி மாவட்டத்து மாந்தோப்புகளில் ட்ரோன் மூலம் மருந்து தெளிப்பது என் தொழில். தை, மாசியில் மா பூத்திருக்கும்போது தத்துப்பூச்சிக்கு அடிக்கச் சொல்லி அழைப்பு ஓயாது. காவேரிப்பட்டணம், சந்தூர், பர்கூர், எந்தப் பக்கம் போனாலும் தோப்புக்குக் குறுக்கே மின்கம்பி போகிறது. கிணறு இருந்தால் மோட்டார், மோட்டார் இருந்தால் கம்பி.

அதில் மோதினால் எனக்குப் போவது இயந்திரம்தான். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் விமானத்தில் அமர்ந்து தெளிப்பவர்களுக்குப் போவது உயிர். பயிருக்குச் சில மீட்டர் மேலே, மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறார்கள். கம்பியை அறுப்பதற்கென்றே முன்கண்ணாடியில் கத்தி பொருத்தியிருப்பார்கள். அப்படியும் மோதுகிறார்கள். ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இத்தகைய விபத்துகளை ஆராய்ந்தபோது, கம்பியில் மோதிய வேளாண் விமானிகளில் 63 விழுக்காட்டினருக்கு அங்கே கம்பி இருப்பது முன்பே தெரிந்திருந்தது.

எனக்கு இதில் வியப்பில்லை. காலையில் தோப்பைச் சுற்றி வரும்போது எல்லாவற்றையும் பார்த்து வைக்கிறோம். பிறகு பேட்டரி மாற்ற வேண்டும், மருந்து கலக்க வேண்டும், காற்று திரும்புகிறது, பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து ஏக்கருக்கு என்ன கூலி என்கிறார். கவனம் அங்கே போய்விடுகிறது.

தரையில் நின்று ஓட்டுபவனுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. தள்ளிப் போன ட்ரோன் கம்பிக்கு இந்தப் பக்கம் இருக்கிறதா, அந்தப் பக்கமா என்று கண்ணால் சொல்ல முடியாது. அதனால் பக்கவாட்டில் ஓர் ஆளை நிறுத்தாமல் நான் தொடங்குவதில்லை. ட்ரோனில் ராடார் இருக்கிறதே என்பார்கள். மரத்தை அது கண்டுகொள்ளும். மெல்லிய கம்பியை அதன் பொறுப்பில் விட எனக்குத் துணிச்சல் இல்லை. கண்ணுக்கும் கம்பி எளிதில் அகப்படாது, ஆகவே கம்பத்தைத்தான் பார்ப்பேன். உச்சியில் இருக்கும் குறுக்கு இரும்பு, கம்பி போகும் திசையைச் சொல்லிவிடும். அதில் கம்பியைத் தாங்கும் பீங்கான்களில் ஒன்று மட்டும் வேறு பக்கம் திரும்பியிருந்தால், அங்கிருந்து ஏதோ ஒரு கிணற்றுக்குக் கிளை பிரிகிறது. கடைசிக் கம்பத்தை இழுத்துப் பிடிக்கச் சாய்வாக இறங்கும் ஸ்டே கம்பி இதைவிடப் பொல்லாதது. கோவைக்கொடி ஏறிவிட்டால் அதுவும் ஒரு செடிபோலத்தான் தெரியும்.

உயரத்தையும் நம்பக் கூடாது. வெயில் ஏற ஏறக் கம்பி தொய்யும். தரையும் ஒரே மட்டமாக இருப்பதில்லை. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் கம்பைநல்லூர் அருகே ஏரிக்கரையில் ஏறிய யானை ஒன்று மேலே சென்ற கம்பியில் பட்டு இறந்தது. வரப்பிலும் கரையிலும் வேலை செய்யும்போது அது நினைவுக்கு வரும்.

"தம்பி, இப்போது மும்முனை மின்சாரம் இல்லை, தைரியமாக ஓட்டுங்கள்" என்று சொல்லாத தோட்டக்காரர் குறைவு. மோட்டார் ஓடாவிட்டால் கம்பியில் கரண்ட் இல்லை என்று அவர்கள் கணக்கு. மும்முனை நின்ற பிறகும் வீட்டு விளக்கு எரிகிறதே, அது எந்தக் கம்பி வழியாக வருகிறதாம்? உண்மையிலேயே கரண்ட் இல்லாவிட்டாலும் இறக்கையில் சுற்ற அந்தக் கம்பி போதும்.

எனக்குத் தெரிந்த ஒருவரின் ட்ரோன் அப்படிச் சிக்கித் தொங்கியது. தோப்புக்காரர் உதவி செய்யும் நல்ல எண்ணத்தில் மாங்காய் பறிக்கும் தொரட்டியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். அலுமினியக் குழாயில் செய்த தொரட்டி. அவரைக் கட்டிப்பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். லைன்மேன் வந்து மின்சாரத்தைத் துண்டித்து இறக்கித் தரும்வரை ஒருவரையும் கிட்டே விடவில்லை.

இப்போதெல்லாம் கம்பிக்கு இரு புறமும் ஒவ்வொரு வரிசை மரத்தை விட்டுவிடுகிறேன். அதற்குக் கூலியும் கேட்பதில்லை. "பாதித் தோப்புக்குத்தான் அடிப்பாயா?" என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. விசைத்தெளிப்பான் வைத்திருக்கும் ஆளின் எண்ணைக் கொடுத்துவிட்டு அடுத்த தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவேன்.