ஒரு வருட அட்டவணை

ஜனவரி 29
பைபிளை ஒரு வருடத்தில் முடிக்கும் அட்டவணையில் இன்று லேவியராகமம் 1 முதல் 4 வரை. டிக் போட்டாயிற்று. என்ன வாசித்தாய் என்று யாராவது கேட்டால் கொழுப்பு, குண்டிக்காய், இரத்தம் என்பேன். அதற்கு மேல் ஒன்றும் நிற்கவில்லை.

ஜனவரி 31
தோளில் மூன்று தையல். பரிசோதனை முடிவை ஏழு நாளில் சொல்வார்களாம். வந்ததும் உட்கார்ந்து 11ஆம் அதிகாரம் வரை முடித்தேன். யாருக்கு இந்தக் கணக்கு?

பிப்ரவரி 1
வாசிக்கவில்லை.

பிப்ரவரி 3
நேற்றும் இல்லை. மொத்தம் 1189 அதிகாரம், வருடத்தில் முடிக்க நாளுக்கு மூன்றேகால். பத்து பாக்கி. பைபிளைப் பார்த்தாலே கொடுக்க வேண்டிய கடன் ஞாபகம் வருகிறது. 117ஆம் சங்கீதம் இரண்டே வசனம். அதை வாசித்து ஒரு டிக் போட்டேன். சின்னப்பிள்ளைத்தனம்.

பிப்ரவரி 4
ஆளாளுக்கு, தேவன் காப்பார் என்கிற 91ஆம் சங்கீதம் அனுப்புகிறார்கள். நல்ல மனதோடுதான். 88ஐ யாரும் அனுப்பவில்லை. கடைசி வரி வரை விடியாத சங்கீதம் அது. இரவு அதைத்தான் எடுத்தேன். நடுவே இரண்டு இடத்தில் ‘சேலா’. அதன் பொருள் யாருக்கும் உறுதியாகத் தெரியாது, நிறுத்தமாக இருக்கலாம் என்பார்கள். இத்தனை வருடம் அதைத் தாண்டித் தாண்டியே போயிருக்கிறேன். இன்று நிறுத்தினேன். முதலில் வந்தது பயம்தான். சரி, வரட்டும்.

பிப்ரவரி 5
லேவியராகமம் 12ஆம் அதிகாரம் எட்டு வசனம், போய்விட்டது. அப்புறம் 13. அதில் 59 வசனம். குஷ்டம் என்று கண்டதுமே எப்போதும் கண்ணை ஓடவிடுகிற அதிகாரம். தோலில் ஒரு தடிப்பு. ஆசாரியன், பலி செலுத்துகிற குரு, பார்க்கிறான்: மயிர் வெளுத்திருக்கிறதா, இடம் பள்ளமாக இருக்கிறதா. நிச்சயமில்லை என்றால் ஏழு நாள் அடைத்துவைக்கிறான். ஏழாம் நாள் மறுபடி பார்க்கிறான். அப்போதும் சொல்ல முடியாவிட்டால் இன்னும் ஏழு நாள்.

உள்ளே இருந்தவன் அந்த ஏழு நாளும் என்ன செய்தான்? ஒரு வார்த்தை இல்லை. ஆசாரியனுக்கு எழுதியதுதானே. தன் தோலை எத்தனை தடவை பார்த்திருப்பான், வெளிச்சம் மாறும்போதெல்லாம்? ஆசாரியன் குணமாக்குவதும் இல்லை. பார்க்கிறான், சொல்கிறான். தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்ல மட்டும் அவனுக்கு உரிமை இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

பக்கத்தைத் திருப்பக் கையை நீட்டினேன், தையல் இழுத்தது. திருப்பாமல் அதையே மறுபடி வாசித்தேன்.

பிப்ரவரி 6
இன்றும் 13தான். இரண்டாம் தடவை வாசித்ததற்கு அட்டவணையில் கட்டம் கிடையாது.

6ஆம் வசனத்தில் மாட்டிக்கொண்டேன். சுத்தம் என்று ஆசாரியன் சொன்ன பிறகும் அவன் துணியைத் துவைக்க வேண்டும். அன்று எவ்வளவு நேரம் துவைத்திருப்பான். அதை நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன் போல. விளக்கு காலைவரை எரிந்திருக்கிறது.

பிப்ரவரி 7
போன் வந்தது. தெளிவாகச் சொல்ல முடியவில்லையாம், இன்னொரு பரிசோதனை. இன்னும் ஏழு நாள்.

5ஆம் வசனத்துக்குத் திரும்பியிருக்கிறேன்.