அம்மாவின் நேர்த்தியும் கதிர்காமக் காட்டுவழியும்

1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறாவளி அடித்த இரவில் எங்கள் அம்மம்மா ஒரு நேர்த்தி வைத்தார். பிள்ளைகள் எல்லாரும் உயிரோடு விடிந்தால் தெற்கே கதிர்காம முருகனிடம் கால்நடையாக வந்து கும்பிடுகிறேன் என்று. கூரை போயிற்று, தென்னைகள் போயின, பிள்ளைகள் இருந்தார்கள். அடுத்த ஆடித் திருவிழாவுக்கு அவர் நடந்தார். மூத்தவரான என் அம்மாவுக்கு அப்போது பதினைந்து வயது. தானும் வருவேன் என்று அழுதிருக்கிறார். தம்பிமாரைப் பார்க்க வீட்டில் ஆள் வேண்டும், நீ இன்னொரு வருசம் போகலாம் என்று சொல்லிவிட்டுப் போனாராம் அம்மம்மா.

அந்த வருசம் வரவேயில்லை. சண்டை வந்தது. காட்டுவழி தொடங்குகிற உகந்தைக்கு அப்பால் காட்டுக்குள் சனங்கள் கால் வைக்க முடியாத வருடங்கள் வந்தன. கல்யாணம், பிள்ளைகள், இடப்பெயர்வு, சுனாமி என்று ஒவ்வொன்றாக வந்து போயின. அம்மம்மாவும் போய்விட்டார். ஆனால் அவர் சொன்ன பாதை அம்மாவிடம் அப்படியே இருந்தது. எந்த ஆற்றில் மணலைத் தோண்டினால் தண்ணீர் ஊறும், எங்கே இருட்டுமுன் அடுப்பை மூட்ட வேண்டும், எந்த மரத்தடியில் படுக்கக் கூடாது என்று, தான் ஒரு நாளும் நடக்காத பாதையைச் சொல்லிச் சொல்லித்தான் எங்களுக்குச் சோறு தீத்துவார். அறுபதைக் கடந்த பிறகு, இந்த வருசம் நான் நடக்கப் போகிறேன் என்றார். தனியே விட மனமில்லை என்று நான் வீட்டில் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்தப் பாதையை எனக்கும் பார்க்க வேண்டியிருந்தது.

எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். அதனால் மண்டூர் முருகனிடம் சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டோம். மண்டூரைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். அங்கேயும் திரைக்குப் பின்னால்தான் பூசை, அங்கேயும் கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பேசாமல்தான் பூசை செய்வார். வாவியைப் படகில் கடந்து குருமண்வெளிக்கு வந்து, களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு யாத்திரைக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டோம். அவர்கள் வடக்கே தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து வருகிறவர்கள். ஒரு மாதத்துக்கும் மேலாக நடந்து, வெருகல், மாமாங்கம் எல்லாம் கும்பிட்டு வந்தவர்களின் முகத்தில் களைப்பு இருக்கும் என்று எதிர்பார்த்தேன். முன்னால் வேல் பிடித்து வந்த பெரியவரின் நடையைப் பார்த்தால் அன்று காலைதான் புறப்பட்டவர் போலிருந்தது.

கரையோரப் பாதையை அதிகம் விவரிக்கத் தேவையில்லை. விடியுமுன் எழும்பி, வெயில் ஏறும் வரை நடந்து, ஒரு கோயில் மண்டபத்தில் கிடந்து, பின்நேரம் மறுபடி நடப்பது. கல்முனை, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று, தம்பிலுவில். கச்சான் காற்று தீயாக அடிக்கும் மாதம் அது. எந்த ஊரிலும் தண்ணீருக்கு நாங்கள் கேட்டதில்லை. முஸ்லிம் ஊர்களில் கடைக்காரர்கள் கதிரையை எடுத்து வெளியே போட்டு, “அம்மா, கொஞ்சம் இருந்துட்டுப் போங்க” என்று சர்பத் கொடுத்தார்கள். சண்டைக் காலத்தில் ஒருவர் ஊருக்குள் ஒருவர் போகப் பயந்த இடங்கள் இவை. அம்மா கிளாசை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்துவிட்டு, அந்தக் கடைக்காரரின் பிள்ளைகளின் பெயரைக் கேட்டுக்கொண்டார். கதிர்காமத்தில் அவர்களுக்கும் சேர்த்துக் கும்பிட வேண்டுமாம். அப்படி அவர் சேர்த்த பெயர்கள் நிறைய.

திருக்கோவிலில் சித்திரவேலாயுத சுவாமி கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். அங்கே கடல் குளித்து ஒரு நாள் ஆறினோம். பிறகு கோமாரி, பொத்துவில், பாணமை. பாணமை காட்டுக்கு முந்திய கடைசிப் பெரிய ஊர். சிங்களமும் தமிழும் கலியாணத்தால் கலந்துபோன ஊர் அது. எங்களுக்குக் கஞ்சி ஊற்றிய ஆச்சி அம்மாவோடு தமிழிலும் மருமகளோடு சிங்களத்திலும் பேசிக்கொண்டே அகப்பையைக் கீழே வைக்காமல் ஊற்றினார்.

உகந்தையில்தான் யாத்திரை உண்மையில் தொடங்குகிறது என்பது என் எண்ணம். கடலும் மணல்மேடும் பாறைகளுமாக இருக்கிற இடம். முருகன் கல்லோடத்தில் வந்து இறங்கினார் என்று சொல்லிக் கரையில் பாறைகளைக் காட்டுவார்கள். கீழே முருகன், மேலே பாறைக்குன்றில் வள்ளியம்மை. குன்றில் ஏற ஏறச் சுனைகள். சித்திரை வைகாசி வெயிலுக்குப் பிறகும் சிலவற்றில் தண்ணீர் கிடந்தது. அம்மா ஒவ்வொரு சுனையிலும் விரலை நனைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினார். வள்ளியைக் கும்பிடாமல் காட்டுக்குள் போகக் கூடாது, காடு அவளுடைய வீடு என்றார். இதுவும் அம்மம்மா சொன்னதுதான்.

காட்டுவாசலை வனசீவராசிகள் திணைக்களம் வருடத்தில் குறிப்பிட்ட நாட்களுக்குத்தான் யாத்திரிகர்களுக்குத் திறந்துவிடும். திறக்கிற அன்று விடியற்காலையிலேயே ஆயிரக்கணக்கில் சனம். அரோகராச் சத்தத்தில் வேறொன்றும் கேட்காது. உள்ளே போனவுடன் அம்மா ஒரு குழையை முறித்து, கீழே ஒரு மரக்கொப்பில் சொருகிப் பிள்ளையாரைக் கும்பிட்டார். அங்கே முன்பே நிறையக் குழைகள் தொங்கின. யாரும் சொல்லிக்கொடுக்காமல் பின்னால் வந்த பெடியன்களும் குழை முறித்தார்கள்.

அடுத்து வந்த நாட்களைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. குமண காடு நாம் படத்தில் பார்க்கிற அடர்ந்த பச்சைக் காடு இல்லை. முள்ளுப் பற்றை, வெளி, வில்லுகள் என்கிற நீர்நிலைகள், அதில் நிற்கிற நாரைகள், பிறகு பாலையும் வீரையும் நிற்கிற வறண்ட காடு. காலுக்குக் கீழே புதைகிற மணல். வாகூரவெட்டை தாண்டிக் குமுக்கன் ஆறு வரை பாதி வழி மணல்தான். இளம் ஆட்கள் எங்களைக் கடந்து வேகமாகப் போய்க்கொண்டே இருந்தார்கள். இப்போது பலர் காட்டை இரண்டு மூன்று நாளில் ஓடிக் கடந்துவிடுகிறார்கள். அவர்களின் பக்தியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் அம்மாவோடு நடந்த பிறகு, இந்தக் காட்டை வயதானவர்களின் கால் வேகத்தில்தான் கடக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கதிர்காமத்துக்குக் கொழும்பிலிருந்து பஸ் போகிறது. போய்ச் சேருவதுதான் தேவை என்றால் யாரும் இங்கே நடக்க வேண்டியதில்லை.

அம்மா செருப்பில்லாமல் நடந்தார். கொஞ்சத் தூரத்துக்கு ஒரு முறை நிற்பார். நிற்கிற இடமெல்லாம் ஏதோ ஒன்று இருந்தது. ஓரிடத்தில் பாலைப்பழம் உதிர்ந்து கிடந்தது. மஞ்சள் மஞ்சளாகச் சின்னப் பழம், தேன் மாதிரி இனிப்பு, தின்றால் அதன் பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். கரடிக்கும் அந்தப் பழம் என்றால் உயிர். “அதுக்கும் மிச்சம் வை புள்ள” என்று அம்மா என் கையைத் தடுத்தார். இன்னோரிடத்தில் பாதை ஓரம் யானை லத்தி, இன்னும் சூடாக. காட்டுக்குள் நிற்கும் வரை யானையை அம்மா பெயர் சொல்லிச் சொல்லவேயில்லை. கையைக் கூப்பிவிட்டு, அவர் போகட்டும் என்று நின்றார். பின்னால் வந்த எல்லாரும் சத்தமில்லாமல் நின்றோம்.

குமுக்கன் ஆற்றங்கரையில் இரண்டு பக்கமும் மருதமரங்கள் கிளையை நீட்டி ஆற்றை மூடி நிற்கும். மணலில் நடந்து வெந்த காலை அந்தத் தண்ணீரில் வைத்தபோது அம்மா வாய்விட்டு “முருகா” என்றார். உள்ளங்கால் இரண்டிலும் கொப்புளம். குதிக்காலில் ஒன்று உடைந்திருந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது; அம்மாவுக்குச் சீனி வருத்தம் உண்டு, காலில் புண் வந்தால் லேசில் ஆறாது. இங்கிருந்து திரும்பலாமா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. வடக்கிலிருந்து வந்த கூட்டத்தில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற அக்கா ஒருவர் இருந்தார். அவர் புண்ணைக் கழுவி மருந்து போட்டுக் கட்டி, நாளை முழுக்க அம்மா எழும்பி நடக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். வேல் பிடிக்கிற பெரியவரிடம் கேட்டோம். அவர் கொஞ்சமும் யோசிக்காமல், “அப்ப எல்லாரும் நாளைக்கு இஞ்சதான்” என்று வேலை மணலில் ஊன்றிவிட்டார்.

அந்த ஒரு நாள் எனக்கு இந்த யாத்திரையின் நடுநாயகம். அம்மா மரத்தடியில் காலை நீட்டி இருந்தார். நான் விறகு பொறுக்கினேன், மூன்று கல் வைத்துச் சோறும் பருப்பும் ஆக்கினேன். என் வாழ்நாளில் அம்மா இருக்க நான் சமைத்து அவருக்குக் கொடுத்து அவர் பேசாமல் வாங்கிச் சாப்பிட்டது அன்றைக்குத்தான். வீட்டில் விடமாட்டார், காய்ச்சலிலும் எழும்பி வந்து கறியைக் கிண்டுவார். பொழுதுபட நெருப்பைச் சுற்றி இருந்து எல்லாரும் பாடினார்கள். அம்மா அதற்குப் பிறகுதான் சூறாவளி இரவைப் பற்றி என்னிடம் முழுதாகச் சொன்னார். கடைசித் தம்பியைச் சேலையால் தன் வயிற்றோடு கட்டிக்கொண்டு கட்டிலுக்குக் கீழே கிடந்தது, விடிந்து பார்த்தபோது அயல் வீட்டில் ஒருவரும் மிஞ்சாதது. “நேர்த்தி உங்க அம்மம்மா வச்சதுதான். ஆனா அண்டைக்கு நானும் கேட்டன், புள்ள. நான் இன்னும் குடுக்கல்ல.” இத்தனை வருடம் அந்தக் கடன் அவருக்குள் இருந்தது எனக்குத் தெரியாது. கொப்புளத்தைக் காட்டித் திரும்பலாமா என்று நான் கேட்டதற்கு அவர் ஏன் வாய் திறக்கவில்லை என்று அப்போது விளங்கியது.

குமுக்கனைக் கடந்தால் யால காடு. நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று தங்குமிடங்கள். தண்ணீர்தான் இங்கே பெரிய கஷ்டம். இப்போது சில இடங்களில் பவுசரில் கொண்டுவந்து தாங்கியில் நிரப்பி வைக்கிறார்கள். அதை ஊற்றிக் கொடுக்கிற ஆமிப் பெடியன்களும் “சாமி, வதுர” என்று, தண்ணீரைச் சிங்களத்தில் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஓரிடத்தில் மட்டும் அம்மா, அம்மம்மா சொன்னது போலவே ஆற்று மணலை முழங்கை ஆழத்துக்குத் தோண்டச் சொன்னார். கலங்கலாக ஊறி, கொஞ்ச நேரத்தில் தெளிந்தது. அதிலிருந்து ஒரு போத்தல் நிரப்பிப் பொட்டளிக்குள் வைத்துக்கொண்டார், கதிர்காமம் வரை குடிக்கவில்லை.

மாணிக்க கங்கையில் முழுகி, ஈரச் சேலையோடு சந்நிதிக்குப் போனோம். கதிர்காமத்தைப் பார்க்காதவர்கள் பெரிய கோபுரத்தை எதிர்பார்ப்பார்கள். இருப்பது சின்ன, எளிய கட்டடம். முருகனும் வள்ளியும் தெய்வானையும் தீட்டிய திரை தொங்கும். அது விலகாது. கப்புறாளைமார் வாயைக் கட்டிக்கொண்டு திரைக்கு உள்ளே போய்ப் பூசை செய்து வருவார்கள். மந்திரம் ஒன்றும் காதில் விழாது. திருவிழா இரவுகளில் யந்திரம் உள்ள பேழையை யானை மேல் ஏற்றி வள்ளியம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய் வருவார்கள். அந்த வள்ளி கோயிலுக்குப் பக்கத்தில்தான் பள்ளிவாசலும். சற்றுத் தள்ளிக் கிரிவெஹெர என்கிற பௌத்த தாதுகோபம்.

திரைக்கு முன்னால் அம்மா நின்றார். நெரிசலில் நான் பின்னால் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தேன். சர்பத் கொடுத்த கடைக்காரரின் பிள்ளைகள், பாணமை ஆச்சி, தாதி அக்கா என்று வரிசையாகப் பெயர்கள் அவர் வாயிலிருந்து வந்தன. கடைசியில் தம்பிமாரின் பெயர்கள். அதில் ஒருவர் இப்போது இல்லை, சண்டையில் போனவர். அவர் பெயரையும் அம்மா விடவில்லை. பிறகு போத்தல் தண்ணீரை எடுத்து எனக்கும் தலையில் தெளித்துவிட்டு மிச்சத்தைக் குடித்தார். அடுத்த நாள் கதிரமலையும் ஏறினோம். அம்மா ஏறி முடிக்க உச்சிப் பொழுதாகிவிட்டது.

பெற்றோரைக் கூட்டிப் போக நினைக்கிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சீனி, பிரசர் இருந்தால் போகுமுன் டொக்டரிடம் காலைக் காட்டுங்கள். மருந்தை இரண்டாகப் பிரித்து இரண்டு பேரின் பொட்டளியில் வையுங்கள், ஒன்று தொலைந்தாலும் மற்றது இருக்கும். பொலித்தீன் ஒன்றையும் காட்டுக்குள் விட்டுவராதீர்கள், மானும் யானையும் அதைத் தின்கின்றன. காட்டுவாசல் திறக்கிற முதல் நாட்களிலேயே உள்ளே போய்விடுங்கள். மூடுகிற நாளை நெருங்கிப் போனால் ஓட வேண்டிவரும், அவர்களால் ஓட முடியாது. முதலே போனால் குமுக்கன் கரையில் ஒரு முழு நாள் இருக்கலாம். அந்த நாளில் சமையலை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.