மண்டலத் திட்டமிடல் தாளுக்கு நான் படித்த விதம்

நகரமைப்பில் முதுநிலை படிப்பவர்கள், பட்டதாரிகளுக்கான கேட் (GATE) தேர்வில் திட்டமிடல் பிரிவை எடுப்பவர்கள், குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் நகரமயமாதல் கேள்விக்குத் தயாராகிறவர்கள் எல்லாரும் ஒரே குறையைச் சொல்கிறார்கள். கோட்பாடுகள் படிக்கும்போது புரிகின்றன, தேர்வறையில் ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன. நான் அவிநாசிப் பக்கம். எங்கள் ஊரைச் சுற்றியுள்ள நிலத்தை வைத்தே இந்தத் தாளைப் படித்தேன். கொங்குப் பகுதியில் இருப்பவர்களுக்கு அந்த வழி நன்றாக உதவும்.

முதலில் சட்டத்தைப் படியுங்கள், கோட்பாடு அப்புறம். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இல் 15-ஆம் பிரிவு பல ஊர்களைச் சேர்த்த பரப்புக்கான மண்டலத் திட்டம், 17 ஒரு நகருக்கான முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்), 20 அதற்குள் ஒரு சிறு பகுதிக்கான விரிவு அபிவிருத்தித் திட்டம். பெரிய பரப்பிலிருந்து தெரு வரை இறங்கிவரும் இந்த வரிசை மனதில் இருந்தால் பாதிக் கேள்விகளுக்கு எலும்புக்கூடு தயார். கூடவே நகராட்சிகள் பற்றிய 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம். அதில் 243ZD பிரிவு மாவட்டத் திட்டக் குழு, 243ZE 10 லட்சத்துக்குக் குறையாத மக்கள்தொகை கொண்ட பெருநகரப் பகுதிக்கான குழு. 12-ஆம் அட்டவணையில் முதல் இனமே நகரத் திட்டமிடல்தான், இரண்டாவது நில உபயோகத்தை ஒழுங்குபடுத்துவது.

243ZD-ஐ மேலோட்டமாக விட்டுவிடாதீர்கள். ஊராட்சிகளும் நகராட்சிகளும் நீரையும் மற்ற இயற்கை வளங்களையும் பகிர்ந்துகொள்வதை மாவட்ட வரைவுத் திட்டம் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. இப்போது நொய்யல் ஆற்றை நினைத்துப் பாருங்கள். வெள்ளியங்கிரி மலையில் தொடங்கி கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியாகக் காவிரியில் சேர்கிறது. பாசனத்துக்காகக் கட்டி 1992-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக் கழிவு தேங்கியது. அந்தத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று கீழே இருந்த விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. 2011 ஜனவரியில், கழிவு வெளியேற்றமே இல்லாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். ஒரு நகரம் வளர்ந்ததன் விலையை இன்னொரு தாலுகா கொடுத்தது. மாவட்ட எல்லையோடு நின்றுவிடும் திட்டத்தால் இதைத் தடுக்க முடியாது. ஆற்றுப்படுகையை ஓர் அலகாக எடுக்கும் மண்டலத் திட்டம் ஏன் வேண்டும் என்று கேட்டால் இதைவிட வலுவான பதில் எனக்குத் தெரியவில்லை. மண்டலத் திட்டமிடலின் தேவை பற்றி எந்தக் கேள்வி வந்தாலும் நான் இங்கிருந்துதான் தொடங்குவேன்.

இனி கோட்பாடு. சுற்றுப்புறத்துக்குச் சேவை தரும் ஊர்கள் எப்படி அடுக்கடுக்காக அமைகின்றன என்று சொல்லும் கிறிஸ்டாலரின் மைய இடக் கோட்பாடு 1933. ஒரு பெரிய மையம், தன்னுடையதையும் சேர்த்து, அடுத்த நிலை மையங்களில் எத்தனையின் பரப்புக்குச் சமமான பரப்புக்குச் சேவை தருகிறது என்பதே K. சந்தைக் கொள்கைக்கு K=3, போக்குவரத்துக் கொள்கைக்கு K=4, நிர்வாகக் கொள்கைக்கு K=7. சுற்றுக் கிராமங்கள் கூடும் வாரச்சந்தையை முதலாவதுக்கு வைத்துக்கொண்டேன். கோவை-சேலம் நெடுஞ்சாலையில் அவிநாசி, பெருந்துறை, பவானி என்று ஊர்கள் வரிசையாக வருவதை இரண்டாவதுக்கு வைத்துக்கொண்டேன். மூன்றாவதுக்குத் தாலுகா ஆபீஸ். அதற்குப் பிறகு அந்த எண்கள் எனக்கு மறக்கவே இல்லை.

பெரூவின் வளர்ச்சி முனைக் கோட்பாட்டுக்குத் திருப்பூரை அப்படியே உதாரணமாக எழுதுவதை நிறையப் பேரிடம் பார்க்கிறேன். அது சரியாகப் பொருந்தாது. பெரூ சொன்னது, மற்றவற்றை இழுத்துச் செல்லும் பெரிய உந்துதொழிலை. திருப்பூரில் நிட்டிங், சாயம், பிரிண்டிங், தையல் என்று வேலை ஆயிரக்கணக்கான சிறு யூனிட்களுக்குள் பிரிந்து கிடக்கிறது. ஒரே தொழிலின் சிறு நிறுவனங்கள் ஓரிடத்தில் கூடிப் பயனடைவதை மார்ஷல் தொழில் வட்டாரம் என்றார், அதுதான் நெருக்கமாக வரும். இந்த வேறுபாட்டை இரண்டு வரியில் எழுதினால் கோட்பாட்டை உண்மையாகப் புரிந்தவர் என்று திருத்துபவருக்குத் தெரிந்துவிடும்.

நில உபயோகப் பகுதிக்கு, கணக்கெடுப்பு நகரம் (மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மட்டும் நகரமாக எண்ணப்படும் ஊர்) என்பதன் வரையறையிலிருந்து தொடங்குங்கள். குறைந்தது 5,000 மக்கள், ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் 75 சதவீதமாவது விவசாயம் அல்லாத வேலை, சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 400 பேர். பல்லடம், சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓடும் ஊர்களைப் பார்த்தவர்களுக்கு, நிர்வாகத்தில் ஊராட்சியாக இருக்கும் ஓர் ஊர் வேலையில் எப்படி நகரமாகிவிடுகிறது என்று விளக்க வேண்டியதில்லை. திட்டம் அங்கே போவதற்கு முன்பே தோட்டம் சைட் ஆகிவிடுகிறது. 1994-இல் ஒப்புதல் பெற்ற கோவை முழுமைத் திட்டத்துக்கு அடுத்ததாக, 2041-ஐ இலக்காகக் கொண்ட திட்டத்தின் வரைவு மக்கள் கருத்துக்கு வந்தது 2024-இல். ஒரு தலைமுறைக் காலம் இடையில் போயிருக்கிறது. நீடித்த வளர்ச்சி பற்றி எழுதும்போது இந்தத் தாமதத்தையும் ஒரு காரணமாகச் சொல்லுங்கள். தாமதமாக வரும் திட்டம் ஏற்கெனவே நடந்துவிட்ட மாற்றத்துக்கு நிறம் பூசும் வரைபடமாகிவிடுகிறது, இதை நான் வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 11.3.1 குறியீட்டைக் கட்டாயம் படியுங்கள். நிலம் விரியும் வேகத்தை மக்கள்தொகை வளரும் வேகத்தால் வகுக்க வேண்டும். விடை 1-க்கு மேல் போனால், மக்கள் பெருகுவதைவிட வேகமாக நகரம் நிலத்தை எடுத்துக்கொள்கிறது என்று பொருள். கூகுள் எர்த்தில் பழைய படங்களையும் பார்க்கலாம். உங்கள் ஊர்ப் பக்கத்துப் பைபாஸ் ஒன்றை எடுத்து, இரண்டு வேறு ஆண்டுகளின் படங்களை ஒப்பிட்டால் அந்தக் குறியீடு எதை அளக்கிறது என்று கண்ணுக்கே தெரியும்.

தீர்வு கேட்டால் 'விழிப்புணர்வு' என்று எழுதி நிறுத்தாதீர்கள். கருவிகளின் பெயரைச் சொல்லுங்கள்: குஜராத்தின் 1976 சட்டப்படி நடக்கும் நகரமைப்புத் திட்டங்களைப் போல நிலத்தைத் தொகுத்து மறுபடி பிரித்துத் தருவது, வளர்ச்சி உரிமை மாற்றம் (ஓரிடத்தில் கட்டும் உரிமையை விட்டு வேறிடத்தில் பயன்படுத்துவது), பஸ் ஓடும் சாலைகளை ஒட்டித் தளப் பரப்புக் குறியீட்டை (மனைப் பரப்புக்கு எவ்வளவு கட்டலாம் என்ற விகிதத்தை) உயர்த்துவது, பாசன நிலத்தில் மனைப்பிரிவுக்கு அனுமதி தராமல் இருப்பது. ஒவ்வொன்றுக்கும் யார் இழப்பார், யார் பெறுவார் என்று ஒரு வரி போதும்.

கேட் எழுதுபவர்களுக்கு: 65 கேள்வி, 100 மதிப்பெண், 3 மணி நேரம். ஏ பகுதி எல்லாருக்கும் பொது, பிறகு பி1 கட்டடக்கலை அல்லது பி2 திட்டமிடல். விரிவாக எழுதும் தேர்வென்றால் கொங்கு வரைபடத்தைக் கையால் வரைந்து பழகுங்கள். நொய்யல், பவானி, அமராவதி, காவிரி நான்கையும் முதலில் போட்டுவிட்டு, அதன் மேல் ஊர்களை வையுங்கள்.