சுசீலா ராமனின் முருகன்

பக்திப் பாட்டு என்றால் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிற சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் பாடகி சுசீலா ராமனின் ‘வேல்’ ஆல்பத்தைப் போட்டுப் பாருங்கள், 2011-இல் வந்தது. தஞ்சாவூர் பூர்வீகம், பிறந்தது லண்டன், வளர்ந்தது ஆஸ்திரேலியா. முருகன் பாட்டில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பிடித்துக்கொண்டு, குரல் கரகரத்துப் போகிற வரைக்கும் விடாமல் ஏற்றுகிறார், பின்னால் சாம் மில்ஸின் கிட்டார் உறுமிக்கொண்டே வருகிறது (80களில் 23 ஸ்கிடூ என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவில், ஒலிநாடாத் துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடும் டேப் லூப்பும் இரைச்சலுமாக இருந்த ஆள், சும்மாவா!). தமிழ் உச்சரிப்பு அங்கங்கே இடறும்தான். ஆனால் அந்த ஆவேசம் சாமியாடுகிற இடத்தில் மட்டும் பார்த்தது. கர்நாடக சங்கீத ரசிகர்கள் 2001-இல் வந்த ‘சால்ட் ரெயின்’ ஆல்பத்திலிருந்து தொடங்கலாம், அதில் தியாகராஜர் கீர்த்தனை இருக்கிறது. எனக்கென்னவோ ‘வேல்’தான். ஹெட்போன் வேண்டாம், ஸ்பீக்கரில் சத்தமாக வையுங்கள்.