நியோடைமியம் காந்தத்தைக் கொதிக்க வைத்துப் பார்த்தேன்

பழைய ஹார்ட் டிஸ்க்குகளைப் பிரித்து எடுத்த நியோடைமியம் காந்தங்கள் ஒரு டப்பா நிறையச் சேர்ந்துவிட்டன. பழைய சாமான் கடையில் ஹார்ட் டிஸ்க் எடைக்கே கிடைக்கிறது, டார்க்ஸ் பிட் (நட்சத்திர வடிவ ஸ்க்ரூவைக் கழற்றும் முனை) இருந்தால் போதும். காந்தம் எஃகுத் தகட்டில் ஒட்டியிருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் ஓரம் உதிரும், நிக்கல் முலாம் போய்விட்டால் ஈரம் பட்டு உள்ளே பொடிப்பொடியாகிவிடும். வைஸில் பிடித்துத் தகட்டை மெல்ல வளைத்தால் தானாக விட்டுவிடுகிறது.

சரி, இந்த முறை பார்க்க நினைத்தது சூடு. 10 மி.மீ. அகலம், 2 மி.மீ. தடிமன் உள்ள என்35 தர நியோடைமியம் வட்டக் காந்தங்கள் வாங்கினேன். 80 டிகிரி வரைதான் தாங்கும் என்பார்கள். ஒன்றை இரும்புத் தகட்டில் ஒட்டி, பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசில் மாட்டி இழுத்தால், ஒரு கிலோவுக்குக் கிட்டப் போய்த்தான் விட்டது. அதையே கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்து, நன்றாக ஆறவிட்டுத் திரும்ப இழுத்தால் 700 கிராம் பக்கத்திலேயே கழன்றுவிடுகிறது. ஆறிய பிறகும் போனது போனதுதான்.

அப்புறம்தான் சுவாரசியம். அதே பாக்கெட்டிலிருந்து ஐந்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அடுக்காகவே கொதிக்க வைத்து, ஆறியதும் பிரித்துத் தனித்தனியாக இழுத்தேன். குறைந்ததே தெரியவில்லை! மெல்லிய வில்லையில் வடமுனையும் தென்முனையும் மிக அருகில் இருப்பதால் அதன் சொந்தப் புலமே அதை எதிர்த்திசையில் அழுத்துகிறது. சூட்டில் தாங்கும் சக்தி குறையும்போது அந்த அழுத்தம் ஜெயித்துவிடுகிறது. அடுக்கினால் முனைகள் விலகுகின்றன, அழுத்தம் குறைகிறது. ஆக 80 டிகிரி என்ற கணக்கு காந்தத்தின் வடிவத்தையும் பொறுத்தது.

உடைந்த ஒன்றை மட்டும் வெளியே வைத்து அடுப்புத் தீயில் காட்டினேன் (நீங்கள் செய்ய வேண்டாம், இதன் தூள் தீப்பிடிக்கும்). முலாம் கொப்புளித்தது, ஆறிய பிறகு குண்டூசியைக்கூட இழுக்கவில்லை. 310 டிகிரியைத் தாண்டினால் காந்தத்தன்மை மொத்தமாகப் போய்விடும். திரும்ப ஏற்றுவது வீட்டில் ஆகிற காரியம் இல்லை, மின்சாரம் சேர்த்து வைத்த கெப்பாசிட்டர் தொகுதியை நொடிக்குள் காலி செய்யும் பெரிய சுருள் வேண்டும்.

மின்சார வண்டி மோட்டாரில் இதே சிக்கல்தான், ஆனால் அங்கே சூடு 150 டிகிரியைத் தொடும். அதனால்தான் டிஸ்புரோசியம் என்ற அரிய மண் தனிமம் கொஞ்சம் சேர்க்கிறார்கள், சூட்டிலும் காந்தம் விட்டுக்கொடுக்காமல் இருக்கும். 2025 ஏப்ரலில் சீனா டிஸ்புரோசியம், டெர்பியம் உட்பட ஏழு அரிய மண் தனிமங்களையும் அவை கலந்த காந்தங்களையும் உரிமம் இல்லாமல் வெளியே அனுப்ப முடியாதபடி செய்ததும், இந்திய வாகன நிறுவனங்கள் திண்டாடியது இதனால்தான். வேடிக்கை என்னவென்றால் இந்தக் காந்தம் பிறந்ததே ஒரு தட்டுப்பாட்டில். 1978ல் ஜைர் (இன்றைய காங்கோ) சண்டையால் கோபால்ட் விலை எகிற, சமேரியம்-கோபால்ட் காந்தத்துக்கு மாற்றுத் தேடித்தான் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும் அமெரிக்காவில் ஜான் குரோட்டும் 1980களின் தொடக்கத்தில் தனித்தனியே நியோடைமியம், இரும்பு, போரான் கலவைக்கு வந்தார்கள்.

நம்ம மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட் கனிமத்திலும் நியோடைமியம் உண்டு. கூடவே கதிரியக்கம் உள்ள தோரியமும் இருப்பதால் அணுசக்தித் துறையின் கீழ் வருகிறது, நாம் தொட முடியாது.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் டப்பாவைப் பூட்டி வையுங்கள். இரண்டை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளுக்கு நடுவே ஒட்டிக்கொண்டு ஓட்டை போட்டுவிடும்.

அடுத்து ஹார்ட் டிஸ்க் காந்தங்களை வட்டமாக ஒட்டி, எனாமல் கம்பிச் சுருளுக்கு எதிரே சுற்றவிடும் வேலை. பின்னால் எஃகுத் தகடு வைத்தும் வைக்காமலும் வோல்டேஜ் எவ்வளவு மாறுகிறது என்று மீட்டரில் பார்க்கவேண்டும்.