நிறைசினை நாட்கள்

நவம்பர் 8
மழை விடவே இல்லை. கட்டுத்தரைக்குள் சாரல் அடிக்கிறது. தெற்குப் பக்கம் தார்ப்பாய் கட்டியாக வேண்டும்.

நவம்பர் 9
எங்கள் மாடு லட்சுமிக்குச் சினை ஊசி போட்ட அட்டையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பிப்ரவரி 10. அதோடு 280 நாள் கூட்டினால் 17-ம் தேதி கன்று போட வேண்டும். நாலைந்து நாள் முன்பின் ஆகலாம். அவர் லோடு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார், வர 20 ஆகும்.

நவம்பர் 11
தூக்கம் வரவில்லை. போன ஈத்தை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது.

கன்று போட்ட மறுநாள் விடியற்காலை, கழுத்தை விலாப் பக்கம் மடக்கி வைத்துப் படுத்திருந்தாள் லட்சுமி. காதைத் தொட்டால் சில்லென்று இருந்தது. பால் காய்ச்சல். சீம்பால் சுரக்க ஆரம்பித்ததும் ரத்தத்தில் இருக்கிற கால்சியம் எல்லாம் மடிக்குப் போய்விடுகிறது. எலும்பில் நிறையவே இருக்கிறது, ஆனால் அதை எடுத்து ரத்தத்துக்கு அனுப்ப உடம்புக்கு ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். அந்த இடைவெளியில்தான் மாடு படுக்கிறது. முதலில் கால் தள்ளாடும், அசைபோடுவது நிற்கும், விட்டால் கடைசியில் நெஞ்சும் நின்றுவிடும்.

டாக்டர் 450 மில்லி பாட்டிலை வெந்நீரில் வைத்துக் கதகதப்பாக்கி, கழுத்து நரம்பில் மெதுவாக ஏற்றினார். வேகமாக ஏற்றினால் இதயம் தாங்காது. ஏறுகிற வரைக்கும் நெஞ்சில் வைத்த குழாயை அவர் எடுக்கவே இல்லை. பாதி பாட்டில் இறங்கியதும் தோள் சதை நடுங்கியது. ஏப்பம் விட்டாள். சாணி போட்டாள். அப்புறம் பின்னங்காலை ஊன்றி எழுந்தேவிட்டாள். அந்தச் சாணியைப் பார்த்து அழுதேன்.

ஒருமுறை வந்த மாட்டுக்குத் திரும்ப வரும் என்கிறார்கள். ஈத்து கூடக் கூட வாய்ப்பும் கூடும். இது நாலாம் ஈத்து.

நவம்பர் 12
பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வந்தார். “இப்பவே கால்சியம் டானிக் ஊத்தீருங்க அம்மிணி, அப்பறம் வராது.” டாக்டர் சொன்னது நேர்மாறு. கறவை வற்றிய காலத்தில் கால்சியத்தை அள்ளிக் கொடுத்தால், எலும்பிலிருந்து எடுக்கிற பழக்கம் உடம்புக்கு விட்டுப்போகும். கன்று போடும் நேரத்தில் கொடுத்தால் போதும். நான் டாக்டர் பக்கம்தான். கால்சியம் அதிகம் உள்ள தீவனம் என்று வேலிமசாலைக்கூட நிறுத்திவிட்டேன், சோளத்தட்டு மட்டும். ஆனாலும் அண்ணன் சொன்னது ராத்திரி முழுக்க மண்டைக்குள் ஓடுகிறது.

நவம்பர் 13
காது சூடாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 14
அத்தையின் காங்கயம் மாடு மயிலை, மேய்ச்சலுக்குப் போன கொறங்காட்டிலேயே கன்று போட்டுவிட்டது. யாரும் பக்கத்தில் இல்லை. சாயங்காலம் ஓட்டிவரப் போனால் வெள்வேல மரத்தடியில் கன்றை நக்கிக்கொண்டு நிற்கிறது. செந்நிறக் கன்று. ஆறு மாதம் போனால் வெளுத்துத் தாய் நிறத்துக்கு வந்துவிடும்.

“இதுக்கெல்லாம் ஊசியா போட்டோம்?” என்றார் அத்தை. கோபமாக வந்தது. பதில் சொல்லவில்லை.

காங்கயம் மாடு கறப்பது ஒரு நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர். ஜெர்சிக் கலப்பு லட்சுமி பதினாலு. அந்தப் பதினாலு லிட்டரில்தான் பாப்பாவின் காலேஜ் ஃபீஸ், இந்த வீட்டுச் செலவு எல்லாம். அத்தனைப் பாலுக்கும் அவள் தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறாள். அது அத்தைக்கும் தெரியும்.

நவம்பர் 15
மடி இறங்கிவிட்டது. வாலடியில் இரண்டு பக்கமும் குழி விழுந்திருக்கிறது.

நவம்பர் 16
கால்சியம் பாட்டில் இரண்டு வாங்கி அலமாரியில் வைத்தாயிற்று. ராத்திரி கட்டுத்தரையிலேயே கட்டில் போட்டுக்கொண்டேன். “காதத் தொட்டுத் தொட்டுப் பாக்காத கண்ணு, அது தூங்கோணுமல்ல” என்கிறார் அத்தை.

நவம்பர் 17
கிடேரி!

மூன்று மணிக்குப் பனிக்குடம் தெரிந்தது. அப்புறம் முன்னங்கால் இரண்டு, அதன் மேல் மூக்கு. வழி சரியாக இருந்தது, இழுக்க வேண்டியிருக்கவில்லை. வைக்கோலால் துடைத்து, மூக்குச் சளியை வழித்துவிட்டதும் தும்மியது. ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வைத்துவிட்டேன். வயிற்றில் இருக்கும்போது தாயின் ரத்தத்திலிருந்து கன்றுக்கு நோய் எதிர்ப்பு போகாது, சீம்பாலில்தான் போக வேண்டும். அதையும் குடல் ஏற்பது முதல் நாள் மட்டும்தான், மணிக்கு மணி குறைந்துகொண்டே வரும். நஞ்சுக்கொடியும் பத்து மணிக்குள் விழுந்துவிட்டது. அத்தை அதை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டப் போனார்.

மடியை முழுக்கக் கறக்கவில்லை, டாக்டர் சொன்னபடி. கால்சியம் ஜெல் வாயில் கொடுத்தாச்சு. காது சூடு.

அவருக்குப் போன் போட்டுச் சொன்னேன். “காது?” என்றுதான் முதலில் கேட்டார்.

நவம்பர் 18, விடியற்காலை
காது நுனி சில்லிட்டிருக்கிறதா, என் கைதான் சில்லிட்டிருக்கிறதா, தெரியவில்லை. அத்தையை எழுப்பித் தொடச் சொன்னேன். “கதகதன்னுதான் இருக்குது சாமி.” எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நவம்பர் 18, எட்டு மணி
பின்னங்கால் தள்ளாடுகிறது. புண்ணாக்குத் தண்ணீரை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டாக்டர் கிளம்பிவிட்டாராம். அடுப்பில் வெந்நீர் வைத்திருக்கிறேன். அத்தை கழுத்துக் கயிற்றைப் பிடித்து நிற்க வைத்துக்கொண்டிருக்கிறார், நானும் போகிறேன்.