காலில் தொடங்கிய முதுகுவலி

ஜூன் 4
மாங்காய் மண்டியில் பெங்களூரா ரகம் வந்து குவிகிற நேரம். உட்கார்ந்தபடியே பக்கவாட்டில் திரும்பி ஒரு கிரேட்டைத் தூக்கினேன், பிடித்துக்கொண்டது. வலி இடுப்பில் அல்ல, வலது காலில். பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்காலைச் சுண்டி இழுத்து, சுண்டுவிரலில் போய் மரத்துப்போகிறது. தும்மினால் உயிரே போகிறது.

ஜூன் 6
எலும்பு டாக்டர் மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டி மடங்காமல் காலைத் தூக்கினார். பாதி உயரம் வருமுன்பே கத்திவிட்டேன். கோளாறு இடுப்பில்தானாம்: முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க் பிதுங்கி, காலுக்குப் போகிற நரம்பை அழுத்துகிறதாம். முன்பாதத்தில் எக்கி நிற்கச் சொன்னார்; முடிந்தது. ஒன்றுக்கு ஒழுங்காகப் போகிறதா, உட்காரும் இடத்தில் மரமரப்பு உண்டா என்று துருவித் துருவிக் கேட்டார். அதில் கோளாறு இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாதாம், ஆபரேஷன் வரைக்கும் போகுமாம். நல்லவேளை, எனக்கு அப்படி எதுவும் இல்லை.

எம்ஆர்ஐ இப்போதைக்கு வேண்டாமாம். வலியே இல்லாதவர்களை எடுத்துப் பார்த்தாலும் 20 வயதில் சுமார் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருக்கும், 80 வயதில் 84 சதவீதம் என்றார். "ஸ்கேன் எழுதாதவரெல்லாம் ஒரு டாக்டரா?" இது என் மாமியார்.

ஜூன் 7
"டேய், ஒகேனக்கல் போய் எண்ணெய் தேய்ச்சிட்டு அருவியில நில்லு, எல்லாம் போயிடும்." அப்பாவின் வைத்தியம். உடம்பு அலுப்புக்கு அந்த மாலிஷை அடித்துக்கொள்ள ஆளில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கால் மரத்திருக்கும்போது முதுகில் முட்டி போட்டு அமுக்க விட மாட்டேன். வறுத்த மீனுக்காக அப்புறம் போகலாம்.

ஜூன் 10
பிசியோதெரபி. குப்புறப் படுத்து, கைகளை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்க வேண்டும். இடுப்பு பாயைவிட்டு எழக்கூடாது. குனியவே பயப்படுகிறவனைப் பின்னால் வளையச் சொல்கிறார்கள்! இது கண்டுபிடித்த கதையே வேடிக்கை. 1956இல் நியூசிலாந்தில் ராபின் மெக்கன்சி என்ற பிசியோவிடம் வந்தவர், தலைமாடு உயர்த்தியிருந்த கட்டிலில் விவரம் தெரியாமல் குப்புறப் படுத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து மெக்கன்சி வந்து பார்த்துப் பதறினால், கால்வலி விட்டுவிட்டது என்றாராம் அந்த ஆள்.

ஜூன் 14
கெண்டைக்கால் விட்டது. வலி தொடையோடு நிற்கிறது. ஆனால் நடு இடுப்பு முன்னைவிடக் கடுக்கிறது. "கூடிப்போச்சுங்க, அந்த எக்சர்சைஸை நிறுத்துங்க" என்று வீட்டில் ஒரே பிடி. பிசியோவுக்கு போன் போட்டால் அந்தப் பெண் சிரிக்கிறது. "நல்லதுண்ணா! வலி கால்லேர்ந்து மேல ஏறி நடு இடுப்புக்கு வரணும். திரும்பக் கீழ இறங்கினாதான் நிறுத்திட்டு என்கிட்ட வரணும்." இதை வீட்டில் புரியவைப்பதற்குள் இடுப்பே தேவலை என்றாகிவிட்டது.

ஜூன் 21
காலையில் பழையபேட்டைப் பக்கம் நடை. மண்டியில் காலி கிரேட்டுகளை இடுப்பு உயரத்துக்கு அடுக்கி, அதன்மேல் வைத்து நின்றுகொண்டே தரம் பிரிக்கிறேன். தூக்குவதானால் நெஞ்சோடு அணைத்துத்தான், திரும்புவதானால் காலோடு சேர்ந்துதான். சுண்டுவிரலில் இன்னும் லேசான மரமரப்பு. அது கடைசியாகத்தான் போகுமாம்.

மாங்கனி கண்காட்சிக்குப் பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் நடக்கிறேன், ராட்டினத்தில் மட்டும் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.